அரியாலைக்குக் கொண்டுபோன பனிப்பூ

கடல் கடந்து போகிறவர்கள் துணிமணி கொண்டுபோவார்கள், ஊறுகாய் கொண்டுபோவார்கள். நான் மூன்று பூச்செடிகளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனேன். ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின மார்கழி அது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.

உதகையில் நான் சித்திர வாத்தியார். வீட்டுக்குப் பின்னால், பேரிக்காய் மரத்தடியில், வெயில் நேராக விழாத ஒரு மூலையில் அந்தச் செடியை வளர்த்துவந்தேன். வெள்ளைக்காரர்கள் அதைக் கிறிஸ்துமஸ் ரோஜா என்பார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. புத்தகங்களில் ஹெலிபோர் என்று போட்டிருக்கும். என் மனைவி வைத்த பெயர் பனிப்பூ. மற்றச் செடிகளெல்லாம் உறைபனியில் கருகிக் கிடக்கிறபோது இது மட்டும் மண்ணை முட்டிக்கொண்டு மொட்டு விடும். தோல் மாதிரித் தடித்த இலை. தலை குனிந்த வெள்ளைப் பூ. நாளாக ஆக வெள்ளை மாறி இளம்பச்சையாகும், சீக்கிரம் உதிராது. உதகை மண் இதற்குப் புளிப்பு என்பதால் முட்டை ஓட்டையும் சுண்ணாம்பையும் பொடித்துப் போடுவேன். வேரைக் கிளறினால் கோபித்துக்கொள்ளும். செடி முழுக்க நஞ்சு. இலையைக் கிள்ளினால் கையைக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும்.

முந்தின வருஷம் இதே பருவத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்கள் வேலியோரம் நின்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் திரட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் அவள் தமிழில் கேட்டாள்: "உள்ளுக்கு வந்து கிட்டப் பாக்கலாமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே வந்தவள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூவைத் தொடவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். பின்னாலேயே வந்த அவள் கணவர் உயரமான, கறுத்த மனிதர். யாழ்ப்பாணத்து டாக்டர், பெயர் நாகலிங்கம் என்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, மலைக்காற்று நல்லது என்று அழைத்து வந்ததாகச் சொன்னார். அழுகைக்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மனைவி சாப்பாட்டையே விட்டுவிட்டாள், அந்தச் செடியைக் கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். உங்கள் ஊர் வெக்கையில் அது பிழைக்காது என்று எழுதினேன். பிழைக்க வேண்டாம், ஒரு முறை பூத்தால் போதும் என்று பதில் வந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

மொட்டு உள்ளே திரண்டிருந்த மூன்று செடிகளை வேர்மண்ணோடு எடுத்து, பாசியைச் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டேன். மலை இறங்கியதுமே இலைகள் சோர்ந்துவிட்டன. ரயிலில் என் எதிரே இருந்த அம்மாள் அதை மூலிகை என்று நினைத்துக்கொண்டு, மூட்டுவலிக்கு அரைத்துப் போட ஓர் இலை கேட்டாள். நஞ்சு என்று சொல்லி மறுத்தேன். கொடுக்க மனமில்லாமல் சொல்லுகிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வழி நெடுகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் உலகத்துக் கஞ்சர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்டேஷனில் சோடாக் கடைக்காரன் உமியில் புதைத்து வைத்திருந்த பனிக்கட்டியில் ஒரு துண்டு வாங்கி, சாக்கில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். இதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி சரியில்லை என்றும் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இறங்கும்போது என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

கப்பலில் கூட்டம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் குழந்தை குட்டிகளோடு தரையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கடல் கொஞ்சம் குதித்தது. குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் புகையிலை வியாபாரி ஒருவர், தன் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எனக்குக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பூவுக்கு என்ன பஞ்சம் என்று கேட்டார். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

அக்கரையில் இறங்கியதும் வேறொரு வினை. செடி வரலாம், வெளியூர் மண் வரக்கூடாது என்றார் அங்கிருந்த அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. சட்டம் அப்படி என்று தன்மையாகத்தான் சொன்னார். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவர் பார்த்திருக்க நானே ஒவ்வொரு வேரையும் அலசினேன். என் வீட்டு மண் கரைந்து ஓடியது. கிளறினாலே கோபித்துக்கொள்ளும் வேர், கறுப்பு நூல்கண்டு மாதிரி வெறுமையாகத் தொங்கியது. ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மிச்ச வழியைக் கடந்தேன்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் டாக்டர் நின்றார். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. திருக்கல் என்று இங்கே சொல்லுகிற ஒற்றை மாட்டுவண்டியில் அரியாலைக்குப் புறப்பட்டோம். மலையில் பிறந்த எனக்கு அந்தத் தட்டையான நிலம் விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மேட்டில் ஏறினால் ஊர் முழுவதும் காலடியில் தெரியும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓலைவேலி, அதற்கு மேலே பனைமரத் தலைகள். வீடுகள் இருக்கின்றன என்பதை அடுப்புப் புகையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒழுங்கை என்று இவர்கள் சொல்லுகிற ஒரு குறுகிய சந்தில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. வண்டிக்காரர் மாட்டோடு மல்லுக்கட்ட, நாங்கள் இறங்கி வேலியோரம் ஒதுங்கி நின்றோம். அங்கேதான் டாக்டர் விஷயத்தைச் சொன்னார்.

அவர் ஸ்காட்லாந்தில் வைத்தியம் படித்தவர். மார்கரெட்டை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகன் ராசன். அரியாலையில் பிறந்து, இந்தக் கடலேரியில் நீந்தி வளர்ந்த பிள்ளை. அப்பா படித்த இடத்திலேயே படிக்கப் போனான். போன முதல் குளிர்காலமே அவன் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தந்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மார்கரெட்டின் தங்கை அவனைத் தங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் வளவில், அதாவது சுற்றுச்சுவருக்குள், தாத்தாவின் பக்கத்தில் அடக்கம் செய்தாள். அடுத்த குளிர்காலத்தில் ஒரு படம் அனுப்பினாள். பனி மூடிய தரை, கல், கல்லின் தலைமாட்டில் வெள்ளைப் பூக்கள். அம்மா வீட்டில் வளர்த்த பழைய செடியிலிருந்து பிரித்து நட்டேன் என்று எழுதியிருந்தாள்.

"அவ அங்கை பிறந்தவ, இஞ்சை வந்திட்டா. அவன் இஞ்சை பிறந்தவன், அங்கை போய்க் கிடக்கிறான்," என்றார் டாக்டர். "எல்லாம் மாறிப் போச்சுது, மாஸ்டர்."

அவனுடைய தலைமாட்டில் இப்போது என்ன நிற்கிறதோ அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த அம்மாளுக்கு வேண்டியது அவ்வளவுதான். என் கையில் இருந்த ஈரத்துணி மூட்டை எனக்கு ஒரேயடியாகக் கனத்தது. சக்கரம் மேலே ஏறியதும் வண்டியில் ஏறிக்கொண்டோம்.

வீட்டில் எங்களை எதிர்கொண்டவர் டாக்டரின் தங்கை செல்லம்மா. சிறுவயதிலேயே புருஷனை இழந்து அண்ணனோடு இருக்கிறவர். சமையலும் ஆடு மாடும் கிணறும் அவர் ராச்சியம். விறாந்தையில் பாய் போட்டுப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலைச் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலில் வெந்த அந்தச் சொதியை நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன். சாப்பாடு முடிந்ததும், செடியைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். அவர் முகம் சட்டென்று இறுகியது.

"என்னை ஏன் பேசப்போறியள்? நான் என்ன செய்தனான்?"

டாக்டர் குறுக்கிட்டு, இங்கே பேசுவது என்றால் ஏசுவது, நீங்கள் சொல்லுவதற்கு நாங்கள் கதைக்கிறது என்போம் என்று விளக்கினார். செல்லம்மா சிரிக்கவில்லை. செடி நஞ்சு, ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கதைத்து முடித்தேன். ஆடு நிற்கிற வளவுக்குள் நஞ்சைக் கொண்டுவந்து வைப்பதா என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நான் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிற்பகலில் மார்கரெட் அம்மாள் வெளியே வந்தாள். உதகையில் பார்த்த உருவத்தில் பாதிதான் இருந்தது. மூட்டையை அவிழ்த்து வைத்தேன். சோர்ந்த இலைகளைப் பார்த்து, "உயிர் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இருக்குங்க அம்மா. மண்ணுக்குள்ளே போட்டால் தெரியும்."

மண்ணை அவளே தோண்டினாள். வளவின் மண்ணில் கையை விட்டதும் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித்தூளும் சுண்ணாம்புக் கல்லும் வந்தன. நான் வீட்டில் முட்டை ஓடு பொறுக்கி, சுண்ணாம்பு இடித்துப் போடுவதையும், இங்கே அது காலுக்குக் கீழே கொட்டிக் கிடப்பதையும் சொன்னேன். அவள் ஒரு கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மண் சரி."

"மண் சரிதாங்க. காற்றுத்தான் சரியில்லை."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அந்த மண்ணைத் தொட்டிகளில் போட்டுச் செடிகளை நட்டு, கிணற்றடியின் வடக்குப் பக்கத்தில், வெயில் எட்டாத இடத்தில் தொட்டிகளை மணலில் புதைத்தோம். மேலே தென்னோலைக் கிடுகால் கூரை போட்டோம். மணல் காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். துலாக் கயிற்றை இழுத்துத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது செல்லம்மாதான்.

மறுநாளே ஒரு செடி தலை சாய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் நின்றன. அவற்றில் ஒன்றில் மொட்டு, மண்ணை விட்டு விரல்கடை உயரம் எழும்பியிருந்தது.

அந்த நாட்களில் வாடைக்காற்று தொடங்கியிருந்தது. ஊர் முழுக்கத் தலையில் துணி சுற்றிக்கொண்டு குளிர் குளிர் என்று நடுங்கினார்கள். எனக்கு அது எங்கள் சித்திரை மாதத்துக் காற்று. பக்கத்து வீட்டுக்காரர் சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு, நான் நெற்றி வியர்வை துடைப்பதை நம்ப முடியாமல் பார்த்தார். அவர் வீட்டில் ஒரு நாள் ஒடியல் கூழ் குடிக்க அழைத்தார்கள். பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சுகிற கூழ். பனையோலையைக் கோலி அதில் வார்த்துக் கொடுத்தார்கள். உறைப்பில் காது அடைத்துக்கொண்டது. மாலையில் டாக்டர் என்னைக் கடலேரிக் கரைக்கு அழைத்துப்போனார். இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராசன் அவர்களோடு நின்று பிடிப்பான் என்று சொன்னார்.

மார்கரெட் அம்மாள் காலையிலிருந்து மாலை வரை கிணற்றடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சில சமயம் தானாகப் பேசுவாள். அவள் அம்மாவின் தோட்டத்தைப் பற்றி, பழைய இலைகளை வெட்டிவிட்டால்தான் பூவுக்கு வழி கிடைக்கும் என்று அம்மா சொன்னதைப் பற்றி. ஒரு நாள் சொன்னாள்: "ராசனுக்குச் சின்னனிலை சொல்லுறனான், பனிக்குள்ளை ஒரு பூப் பூக்குமெண்டு. அவன் நம்பமாட்டான். பொய் சொல்லுறியள் அம்மா எண்டு சிரிப்பான்."

ஊர்ப் பெண்கள் அவளைப் பார்க்க வருவார்கள். வருஷம் மூன்றாகியும் துக்கம் விசாரித்து வருவார்கள். பெற்ற வயிறு எப்படித் தாங்கும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். செல்லம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதை நான் பார்க்கவில்லை.

மொட்டு வெளுக்கத் தொடங்கிய அன்று, நான் குசினி வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தேன். செல்லம்மா உள்ளே இருந்தபடியே என்னிடம் கேட்டார்.

"உது அவன்ரை தலைமாட்டிலை நிக்கிற பூத்தானோ?"

அதே இனம்தான் என்றேன்.

"அந்த நாட்டு மண்ணிலையிருந்து வந்ததோ?"

யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி வெகுகாலத்துக்கு முன்னே அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வேர். அதைப் பிரித்துப் பிரித்து நட்டதுதான் என் வீட்டிலும் இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப அந்த மண்ணிலை இருந்தது," என்றார். ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

அன்று மாலை மொட்டின் நுனி பிரிந்திருந்தது. விடிந்தால் விரிந்துவிடும் என்றேன். மார்கரெட் அம்மாள் அன்றைக்குத் தானாகவே இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். டாக்டர் என் தோளைத் தட்டினார். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரோடொருவர் சேர்ந்து சிரித்தார்கள்.

மார்கழி என்பதால் விடியற்காலையில் சங்கும் சேமக்கலம் என்கிற வெண்கல மணியும் தெருவில் போகும். அந்தச் சத்தத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். எனக்கு முன்பே மார்கரெட் அம்மாள் அங்கே நின்றாள். பூ இல்லை. தண்டு மட்டும் நின்றது.

ஆடு என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டர் குனிந்து பார்த்து, கத்தி வைத்து அறுத்திருக்கிறது என்றார். மார்கரெட் அம்மாள் அந்த வீட்டில் நான் இருந்த நாட்களில் முதல் தடவையாக இங்கிலீஷில் பேசினாள். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். இதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லையே என்று சொன்னதாகப் பிறகு டாக்டர் சொன்னார்.

குசினியில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. செல்லம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, இருட்டு விலகுகிறபோதே செல்லம்மா அக்கா தோய்ந்த தலையோடு, கையில் ஒரு செம்போடு பெரிய தெருவுக்குப் போனா, பஸ் ஏறப்போறா போல இருந்தது என்றாள்.

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீரிமலைக்குப் போயிருக்கிறாள் என்றார். செத்தவர்களை எரித்த சாம்பலை இந்த ஊரில் அந்தக் கடலில்தான் கரைப்பார்கள்.

"அவன்ரை சாம்பல் வரேல்லைத்தானே, மாஸ்டர். தாட்டுப்போட்டினம் எண்டு கேட்ட நாளிலையிருந்து அவள் ஒண்டும் கதைக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

பிறகு மனைவியைப் பார்த்து, "நீ காய்ச்சலிலை கிடந்த காலமெல்லாம் அவன் அவளின்ரை மடியிலைதான் கிடந்தவன்," என்றார். மார்கரெட் அம்மாள் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வாடகைக் கார் ஒன்று பிடித்துப் புறப்பட்டோம். ஊர்களைத் தாண்டி, செம்மண் பூமியில் வெங்காயமும் புகையிலையும் போட்டிருந்த தோட்டங்களுக்கு நடுவே டயர் வெடித்துவிட்டது. டிரைவரும் டாக்டரும் கீழே படுத்து மாரடித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே உதவி கல் எடுத்துக் கொடுப்பது. மார்கரெட் அம்மாள் காருக்குள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, ஓர் இளநீரை வெட்டி அவள் கையில் கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"கீரிமலைக்கு," என்றாள் மார்கரெட் அம்மாள். சற்றுப் பொறுத்து, "என்ரை மகனுக்கு," என்றாள்.

அந்தப் பெண் காரின் கதவில் கையை வைத்தபடி, டயர் மாட்டி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

கீரிமலையில் கரையோரமாக நன்னீர்க் கேணி ஒன்று இருக்கிறது. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல். வாடைக்காற்றில் கடல் வெளுத்துக் கொந்தளித்தது. கேணியில் ஆண்கள் சிலர் முழுகிக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா தனியாகக் கடலோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் செம்பு. செம்புத் தண்ணீரில் அந்தப் பூ.

அது விரிந்திருந்தது. வழியில், பஸ்ஸில், அவர் மடியில் இருந்தபோதே விரிந்திருக்க வேண்டும்.

எங்களைக் கண்டு அவர் எழும்பவில்லை. மார்கரெட் அம்மாள் கல்லுக்குக் கல் தடுமாறிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். நானும் டாக்டரும் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டோம். காற்று அவர்கள் பேசியதை எங்கள் பக்கம் கொண்டுவந்தது.

"போடேல்லை, மச்சாள்," என்றார் செல்லம்மா. "போடத்தான் வந்தனான். மனம் வரேல்லை."

மார்கரெட் அம்மாள் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் பெத்தனீங்கள். ஊரெல்லாம் வந்து உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுகுது. நான் மாமிதானே, தகப்பனோடை பிறந்தவள். என்னட்டை ஆரும் கேக்கேல்லை. அவனுக்கு ஒரு பிடி சாம்பல்கூட நான் கரைக்கேல்லை. அந்த மண்ணிலையிருந்து வந்தது உது ஒண்டுதான்."

மார்கரெட் அம்மாள் அந்த ஈரக்கல்லில், உதகையில் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தது போல, உட்கார்ந்தாள். பூவைச் செம்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு தரம் வைத்துக்கொண்டாள். பிறகு அதைச் செல்லம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேருமாப் போடுவம்," என்றாள்.

இருவரும் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார்கள். பூவை விட்டார்கள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர்கள் காலடியிலேயே போட்டது. மறுபடி எடுத்து விட்டார்கள், மறுபடியும் வந்தது. செல்லம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். மார்கரெட் அம்மாள் அவரைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பார்த்தபோது பூவைக் காணோம். டாக்டர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேணிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

திரும்பும்போது இரண்டு பெண்களும் பின் ஆசனத்தில் ஈரச்சேலையோடும் ஈரக் கவுனோடும் ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் செல்லம்மா உலை வைத்தார். மார்கரெட் அம்மாள் குசினிக்குள்ளேயே போய்ப் பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். அன்று மாலை துக்கம் கேட்க வந்த ஒரு பெண்ணிடம், செல்லம்மாவைக் காட்டி, அவவிட்டையும் கேளுங்கோ என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

இரண்டாவது செடியின் மொட்டு நான் புறப்படுவதற்கு முந்தின நாள் விரிந்தது. சின்னப் பூ. உதகையில் பூப்பதில் பாதி அளவுகூட இல்லை. வெள்ளையும் பழுப்புக் கலந்த வெள்ளை. அதை யாரும் பறிக்கவில்லை. ஆடுகள் எல்லாவற்றையும் செல்லம்மா வளவின் மறுகோடியில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். இரண்டு பேரும் கிணற்றடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். மார்கரெட் அம்மாள் எப்போதாவது ஏதோ சொல்லுவாள். செல்லம்மா ஓம் என்பார்.

செடியின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். பங்குனி வெயிலில் இரண்டுமே கருகிப்போனதாக டாக்டர் எழுதினார். ஈரச்சாக்குக் கட்டியும், தொட்டியைக் கிணற்றுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே கயிற்றில் இறக்கி வைத்தும் பார்த்திருக்கிறார்கள். கயிறு கட்டி இறக்கியது செல்லம்மாவின் யோசனையாம். அடுத்த மார்கழிக்கு வேறு செடி கொண்டுவருகிறேன் என்று பதில் எழுதினேன். அதற்குள் சண்டை வந்துவிட்டது. நான் போகவில்லை. பிறகு வந்த ஒரு கடிதத்தில் மார்கரெட் அம்மாள் காய்ச்சலில் போய்விட்டதாகவும், கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தது செல்லம்மாதான் என்றும் டாக்டர் எழுதியிருந்தார். அரியாலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

நான் அரியாலையிலிருந்து புறப்பட்ட நாள் காலையில் மார்கரெட் அம்மாள் வாசல் வரைக்கும் வந்தாள். என் மனைவிக்கு என்று பனாட்டு கொஞ்சம் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். பனம்பழச் சாற்றை வெயிலில் காய வைத்துச் செய்த பண்டம். பிறகு என் இரண்டு கைகளையும் ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் வளவு மண் இருந்தது.

ஸ்டேஷனுக்கு டாக்டரோடு செல்லம்மாவும் வந்தார். வழியில் சாப்பிடப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தார். ரயில் வருகிற வரைக்கும் தூணோரம் ஒதுங்கி நின்றார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு கிட்டே வந்தார். டாக்டர் ஸ்டேஷன் மாஸ்டரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும்," என்றார். "அங்கை, அவன் கிடக்கிற இடத்திலை, உந்தப் பூவை ஆரும் பிடுங்குவினமோ?"

எனக்கு அந்த ஊரும் தெரியாது, அந்தக் கோயில் வளவும் தெரியாது. ஆனால் இறந்தவர்கள் கிடக்கிற இடத்தில் வைத்த பூவை அந்த ஊர் மனிதர்கள் தொடமாட்டார்கள், செடியிலேயே விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன்.

அவர் அதை யோசித்தார். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் கூடவே இரண்டடி நடந்துவந்தார்.

"அப்ப வாடிற வரைக்கும் அவனோடையே நிக்கும், என்ன," என்றார்.